வெயில் வளை

கொற்கைக்குத் தெற்கே ஒன்றரை நாள் நடையில், கடல் கரைக்குள் புகுந்து வளைந்து திரும்பும் இடத்தில், சங்கு குளிப்பவர்களும் சங்கு அறுப்பவர்களும் மட்டுமே குடியிருந்த வளைத்துறை என்ற ஊரில், ஒரு பங்குனி அமாவாசையன்று பட்டப்பகலில் ஞாயிறு வளையாகிப் போனபோது, ஊரார் முதலில் கேட்ட கேள்வி "யார் அறுத்தது?" என்பதுதான்.

பாம்பு ஞாயிற்றைப் பிடிப்பது அவர்களுக்குப் புதிதல்ல. ஓரத்தைக் கடித்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறார்கள், முழுதாக விழுங்கிவிட்டுச் சூடு தாங்காமல் கக்கியதையும் பார்த்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் பறையடித்து, முற்றத்தில் உலக்கையை நிறுத்தி வைத்து, பிள்ளை சுமப்பவர்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, பாம்பு விட்டதும் கடலில் முழுகி எழுந்து சோறாக்கியிருக்கிறார்கள். ஆனால் இந்த முறை கறுப்பு ஒரு பக்கத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து ஞாயிற்றின் நட்டநடுவில் வந்து நின்றது, சுற்றிலும் எந்தப் பக்கமும் கூடாமல் குறையாமல் ஒளி ஒரு வளையமாக மிஞ்சியது. எந்தப் பாம்பும் அப்படித் தின்னாது. அது சங்கறுக்கும் வாளின் வேலை. சங்கின் தலையை அறுத்து, வாலை அறுத்து, நடுத்தண்டைத் தட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது எதுவோ, அதுதான் வானத்தில் தொங்கியது. அதனால் பறையடித்துக்கொண்டிருந்தவர்கள் பறையை நிறுத்திவிட்டு, ஊரிலேயே நுண்ணிய வாள் பிடிக்கிற பண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். பண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் காலையிலேருந்து இங்கதான நிக்கேன்" என்றான். நாலு பேர் அவன் கொட்டகைக்குப் போய் வாள்கள் ஆணியில் தொங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு வந்தார்கள். எல்லாம் தொங்கின, ஆனால் ஒன்று மட்டும் தொட்டால் சுட்டதாக விசாகி சொன்னாள். விசாகி பண்ணனுக்கு அடுத்த வீட்டுக்காரி, அவள் கண்ணில் படாமல் அந்த ஊரில் ஒரு கோழிகூட முட்டையிட்டதில்லை.

வெயில் இருந்தது, ஆனால் அதில் சூடு இல்லை. நிழல்கள் கத்தியால் கீறியதுபோல் கூராக விழுந்தன. நாரைகள் திரும்பி வந்து மரங்களில் அடைந்தன. துறையோரத்துப் புன்னை மரத்தடியில் இலைகளுக்கு நடுவே சிந்திய வெளிச்சப் பொட்டுகள் அத்தனையும் வளைகளாக மாறி, மணலிலும், கவிழ்த்து வைத்த பானையிலும், படுத்திருந்த நாயின் விலாவிலும், அங்கே நின்றிருந்த கொற்றி என்ற பெண்ணின் தோளிலும் முகத்திலும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. நல்ல குளியாள் ஒருவன் மூன்று முறை முங்கி எழும் நேரம் அது இருந்தது. பிறகு கறுப்பு மறுபக்கம் நகர்ந்தது, ஞாயிறு நிறைந்தது, மரத்தடி வளைகள் பழையபடி பொட்டுகளாகிக் காற்றில் ஆடத் தொடங்கின. கொற்றியின் இடது மணிக்கட்டில் விழுந்த வளை மட்டும் ஆடவில்லை. அவள் கையை உதறினாள், அது உதிரவில்லை. நிழலை விட்டு வெயிலுக்கு வந்தாள், அதுவும் வந்தது. கடலில் முழுகி எழுந்தாள், அது நனையாமல் எழுந்தது.

கொற்றி அன்று கூட்டத்தோடு நிற்காமல் மரத்தடியில் ஒதுங்கி நின்றதற்குக் காரணம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் கணவன் உதிரன் கடலில் போய்விட்டான். பார்க்கும் பெண்களெல்லாம் முழங்கை வரை சங்கு வளை அடுக்கியிருக்கும் ஊரில் அவள் வளைகளைக் கல்லில் வைத்து உடைத்து, வெறுங்கையோடு நின்றவளுக்குச் சங்குகளிலிருந்து அழுகிய சதையைச் சுரண்டி எடுக்கும் வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

வளைத்துறையில் கடலுக்குள் இறங்குபவனுக்கு அவன் மனைவியோடு உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, காலில் கல்லை மாட்டிக்கொண்டு இறங்குபவன் மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவான், தோணியில் இருப்பவன் அந்தக் கணமே இழுத்தாக வேண்டும். உடன்பிறந்தவளின் கைவளை உடைவதற்கு எவனும் சம்மதிக்க மாட்டான் என்பதால் அந்தக் கயிற்றை அவன் கையில் கொடுத்திருந்தார்கள். உதிரனுக்குக் கயிறு பிடித்தவன் கொற்றியின் அண்ணன் குவிரன். குவிரனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் அவன் இறங்கும்போது உதிரனே அவனுக்குப் பிடித்தான். இரண்டு பேரும் ஒரே தோணியில், மற்றவர்கள் போகாத தனிப்பாருக்குப் போவார்கள். பார் என்பது கடலடிப் பாறை; தனிப்பாரில் சங்கு பெரிது. அப்படிப் போன ஒரு நாள் குவிரன் மட்டும் திரும்பி வந்தான். சுறா கொண்டுபோய்விட்டது என்று சொல்லி, அறுந்த கயிற்று முனையைக் காட்டினான். அதற்குப் பிறகு அவன் கடலில் இறங்கவில்லை. தோணிகளைக் கரையேற்றுவதும் அவற்றுக்கு மீனெண்ணெய் பூசுவதுமாக இருந்தான். துக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

இப்போது அவன் தங்கை கையில் வளை.

முதல் நாலைந்து நாள் யாரும் அவள் கிட்டே வரவில்லை. அவர்களுக்கு ஞாயிற்றின் மேல்தான் கவலை. ஒரு வளை போயிருக்கிறது என்றால் ஞாயிற்றில் ஒரு வளை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு பகலில் காய்கிற நெத்திலி ஒன்றரைப் பகல் எடுத்துக்கொள்கிறது என்று ஒருவன் சொன்னான், இல்லை, பழையபடிதான் காய்கிறது, நீ ஈரத்தோடு பரப்புகிறாய் என்று இன்னொருவன் சொன்னான், பாய்மரத்தின் நிழலைக் காலடியால் அளந்தவர்கள் அளந்த காலை மாற்றி வைத்துவிட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். பண்ணன் மட்டும் கொற்றியின் கையைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு கைவினைஞன் இன்னொரு கைவினைஞனின் வேலையைப் பார்க்கும் பொறாமையோடு வெகுநேரம் பார்த்தான்.

"பூட்டு இல்ல. வாள் ஓடின தடம் இல்ல. எந்தக் கொட்டகை வேலைன்னே தெரியல" என்றான்.

"வடக்கத்தி வேலையா இருக்குமோ?" என்று விசாகி கேட்டாள்.

"வடக்கத்தியான் இவ்வளவு மெல்லிசா இழைக்க மாட்டான்."

பிறகு ஊர் மெல்ல மெல்ல அதற்குப் பழகியது. அந்த வளைக்குப் பக்கத்தில் பிடித்தால் ஊசியில் நூல் தட்டில்லாமல் ஏறியது, மழைக்காலத்து உப்பு கட்டி தட்டாமல் இருந்தது, சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் கொற்றி கையை வைத்தால் குழந்தை உறங்கியது. பெண்கள் ஊசியோடும் உப்போடும் குழந்தையோடும் வந்தார்கள். வேலை முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வாசல் தாண்டுவதற்கு முன்பே அவளைத் திரும்பிப் பார்த்து, "கணவன் போனவளுக்கு வளை எதுக்கு?" என்று ஒருத்தி காதில் ஒருத்தி கேட்டார்கள். வானம் தப்பு செய்யாது என்று சிலரும், அவள்தான் மரத்தடியில் நின்று கையை நீட்டி வாங்கிக்கொண்டாள் என்று சிலரும் சொன்னார்கள். கையை நீட்டியதைத் தன் கண்ணால் பார்த்ததாக விசாகி சொன்னாள்.

கடைசியில் வேலனை வரவழைத்தார்கள். வேலன் என்பவன் முருகனுக்கு ஆடுகிறவன், கழங்குக் காய்களை உருட்டிக் குறி சொல்கிறவன். மூன்று ஊர்களுக்கு ஒரு வேலன்தான், அதனால் அவனுக்கு அவசரமே கிடையாது. மன்றத்தில் மணலைப் பரப்பிக் காய்களை உருட்டி, மறுபடி உருட்டி, கொற்றியின் கையைப் பார்த்து, மறுபடி உருட்டினான்.

"வளை போட்டவன் இருக்கான்" என்றான்.

"எங்க இருக்கான்?"

"அது காயில இல்ல."

அவ்வளவுதான் அவன் சொன்னது. காய்களை மடியில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டான். ஆனால் அந்த ஒரு சொல் ஊருக்குப் போதுமானதாக இருந்தது. வளை போட்டவன் என்றால் கணவன். இருக்கிறான் என்றால் சாகவில்லை. சாகவில்லை என்றால், சுறா கொண்டுபோனதாகச் சொன்ன குவிரன் எதைப் பார்த்தான்?

அன்றிலிருந்து வளைத்துறைக்கு ஞாபகம் வரத் தொடங்கியது. உதிரன் போன அந்த மாதத்தில் ஒரு யவனக் கப்பல் தெற்கே நங்கூரமிட்டு நின்றது ஒருவனுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கப்பலுக்கு ஒரு தோணி போனது இன்னொருவனுக்கு ஞாபகம் வந்தது. தோணியில் கை கட்டப்பட்ட ஒருவன் இருந்ததும், அவன் தலைமயிர் உதிரனின் தலைமயிர்போலச் சுருட்டையாக இருந்ததும், அவன் கரையைப் பார்த்து ஏதோ கத்தியதும் ஆளுக்கொன்றாக ஞாபகம் வர, அன்று காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் தாங்கள் கடற்கரையில் நின்றதாக நம்பினார்கள். இத்தனைக்கும் நடுவில் உண்மையாகவே ஒன்றைப் பார்த்தவன் பண்ணன் ஒருவன்தான். அவன் அதை இரண்டு ஆண்டுகள் வாய்க்குள் வைத்திருந்தான்.

"அந்தக் கயிறு" என்றான் மன்றத்தில், குவிரனைப் பார்க்காமல். "சுறாப் பல்லு பட்டா பிரி பிரியாப் போயிரும். அது பிரியல. ஒரே இழுப்புல அறுத்தது. அறுக்குறது என் தொழில், எனக்குத் தெரியும்."

குவிரன் எழுந்து துறைக்குப் போய்த் தோணிக்கு எண்ணெய் பூசத் தொடங்கினான். அவன் பூசிய தோணிகளில் அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை, ஓட்டை போட்டிருப்பான் என்று பயந்தார்கள். அவன் நடந்துபோனால் பெண்கள் தண்ணீர்க் குடங்களை மூடினார்கள்.

கொற்றிக்கு என்ன தோன்றியது என்று யாரும் கேட்கவில்லை. அவள் வேலனின் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய், முதல் நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தாள். இரண்டாம் நாள் உதிரனுக்குப் பிடித்த நண்டுக் குழம்பை ஆக்கினாள். மூன்றாம் நாள் புதுப் பாய் முடைந்து விரித்தாள். நாலாம் நாள் தன் அண்ணனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வளை உடைத்த அன்று அவன் ஏன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான், ஏன் அதற்குப் பிறகு அவள் வீட்டில் ஒரு வாய் சோறு தின்றதில்லை, ஏன் அவளைப் பார்த்துப் பேசும்போதெல்லாம் அவள் கழுத்தையோ தோளையோ பார்த்துப் பேசுகிறான் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஊர் பார்ப்பதுபோலத் தானும் அவனைப் பார்த்தாள். ஐந்தாம் நாள் உச்சிவேளையில் துறைக்குப் போனாள்.

கவிழ்த்த தோணியின் அந்தப் பக்கம் குவிரன் குந்தியிருந்தான். அவள் இந்தப் பக்கம் நின்றாள்.

"அண்ணே, அது எந்த ஊர்க் கப்பல்?"

"எந்தக் கப்பல்?"

"அவரை ஏத்திவிட்ட கப்பல்."

குவிரன் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தான்.

"நீயும் நம்புறியா?"

"ஏத்திவிட்டேன்னு சொல்லு அண்ணே." அவள் தோணியின் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டாள், மணிக்கட்டு வளையின் வெளிச்சம் எண்ணெயில் பரவியது. "ஏன்னு கேக்க மாட்டேன். மன்றத்துல சொல்ல மாட்டேன். உங்களுக்குள்ள என்ன சண்டைன்னுகூடக் கேக்க மாட்டேன். ஏத்திவிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். எங்கயோ துடுப்பு போட்டுக்கிட்டு இருக்காருன்னு நான் இருந்துக்குவேன்."

அவள் கெஞ்சியதை அவன் கேட்டான். தன்னை ஆள் விற்றவன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி அவள் அழுததைக் கேட்டான். ஆம் என்று சொல்லிவிட எவ்வளவு எளிதாக இருந்தது என்பதைப் பின்னால் ஒருநாள் தோணியில் அவன் அவளிடமே சொன்னான்.

"தூங்கிட்டேன்" என்றான்.

"யாரு?"

"நான்தான். முந்தின ராத்திரி கள்ளு. வெயில் வேற. கயித்தக் கால்ல சுத்திக்கிட்டுச் சாய்ஞ்சேன். கயிறு ஆடுச்சு, தெரிஞ்சுது. கனவுல அம்மா தொட்டில ஆட்டிக்கிட்டிருந்தா, நீ உள்ள கிடந்த. தொட்டில்தான் ஆடுதுன்னு நினைச்சேன்."

கொற்றி பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"முழிச்சு இழுத்தேன். கனமா வந்தாரு. உடம்புல ஒரு கீறல் இல்ல தங்கச்சி. ஒரே ஒரு கீறல் இருந்திருந்தாக்கூடக் கரைக்குக் கொண்டு வந்திருப்பேன். இப்படிச் சும்மா செத்துக் கிடக்காரே, என்னன்னு சொல்றதுன்னு பயந்து, காலோட கல்லக் கட்டி அங்கயே விட்டுட்டேன். கயித்த நான்தான் அறுத்தேன்."

அவள் கையில் பட்ட எண்ணெயை மணலில் துடைத்தாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள். அன்று மாலையே குவிரன் மன்றத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் அதையே திரும்பச் சொன்னான்.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. யவனக் கப்பலையும் கை கட்டப்பட்ட மனிதனையும் அத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு தூக்கம் மிகவும் சின்னதாக இருந்தது. "தூங்கினானாம்!" என்று விசாகி கையைத் தட்டினாள். பெரிய தப்பை மறைக்கச் சின்னத் தப்பைச் சொல்கிறான் என்றார்கள். அடுத்த ஊரிலிருந்து வேலனைத் திரும்ப அழைத்து வந்து கேட்டபோது, வளை போட்டவன் இருக்கிறான் என்றுதான் சொன்னேன், உதிரன் என்று நான் சொல்லவில்லை என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உதிரன் செத்துவிட்டான் என்றால், செத்தவன் மனைவி கையில் வளை இருக்கக்கூடாது, அது எங்கிருந்து வந்ததோ அங்கே போக வேண்டும் என்றும் சொன்னான்.

அதனால் மறுநாள் காலை பண்ணனின் கொட்டகையில் கொற்றியின் கையை மரக்கட்டைமேல் வைத்து, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, பண்ணன் தன் மெல்லிய வாளை எடுத்து அந்த வளைமேல் ஓட்டினான். வாள் தண்ணீரில் போவதுபோல உள்ளே போனது, தோலில் முட்டி ஒரு துளி இரத்தம் எடுத்தது, வெளியே வந்தது. வளை அப்படியே இருந்தது. வாளின் பல்லில் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டியிருந்தது, பண்ணன் அதைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டு யாரும் பார்த்தார்களா என்று பார்த்தான்.

"வளை அறுபடாது" என்றான்.

"கையோட அறுத்தா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அது யார் குரல் என்று பிறகு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் யாரும் மறுத்தும் பேசவில்லை. தோளைப் பிடித்திருந்தவர்களின் பிடி இறுகியது, பண்ணன் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு எங்கே மெலிகிறது என்று தொழில் பழக்கத்தில் பார்க்கத் தொடங்கினான்.

"நான் அவரைக் கொண்டு வரேன்" என்றான் குவிரன், வாசலில் நின்றுகொண்டு. "தனிப்பார்ல எங்க விட்டேன்னு எனக்குத் தெரியும். எலும்பக் கொண்டு வந்து போடுறேன். பார்த்துட்டுப் பேசுங்க. அதுவரைக்கும் அவ கைய விடுங்க."

நியாயம்தான் என்று பண்ணன் வாளை ஆணியில் மாட்டினான். ஆனால் குவிரன் இறங்குவதற்கு யார் கயிறு பிடிப்பது? அவனுக்கு மனைவி இல்லை, மனைவியோடு உடன்பிறந்தவனும் இல்லை. அப்படி யாரும் இல்லாதவர்களுக்குக் கூலிக்குப் பிடிக்கிறவர்கள்கூட, நாளைக்கு ஏதாவது ஆனால் எங்களைச் சொல்வீர்கள் என்று விலகிக்கொண்டார்கள்.

கொற்றி கட்டையிலிருந்து கையை எடுத்து, இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் பிடிக்கேன்" என்றாள்.

கொட்டகையில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண் கயிறு பிடித்ததில்லை என்பதற்காக அல்ல. அவள் கணவனைச் சாகவிட்டவன் இப்போது இறங்க வேண்டியது அவள் கையை நம்பி. குவிரன் அவளைப் பார்த்தான். அத்தனை நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். அங்கே என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சரி" என்றான்.

மறுநாள் தனிப்பாரைச் சுற்றி ஊரின் தோணிகள் அத்தனையும் நின்றன. உதவிக்கு வந்தோம் என்றார்கள், ஆனால் யாரும் கயிறு கொண்டு வரவில்லை. சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நடுவில் ஒரு சின்னத் தோணியில் அண்ணனும் தங்கையும். குவிரன் இடுப்பில் கயிற்றைக் கட்டினான், முடிச்சைத் தானே இரண்டு முறை இழுத்துப் பார்த்தான், மறு முனையை அவளிடம் கொடுத்தான், காலில் கல்லை மாட்டினான். "சுண்டினா இழு" என்றான். அவள் தலையசைத்தாள். அவன் மூச்சை நிறைத்துக்கொண்டு இறங்கினான். கயிறு அவள் விரல்களுக்கு நடுவே ஓடி, ஓடி, நின்றது.

தண்ணீர் தெளிவாக இருந்தது. அவள் கையில் இருந்த வளை அலைகளில் நூறாக உடைந்து ஆடியது. சுற்றிலும் தோணிகளில் இருந்த எல்லோரும் அவள் கைகளைத்தான் பார்த்தார்கள், அவளும் தன் கைகளைத்தான் பார்த்தாள், அவற்றை அவளுக்கு நன்றாகத் தெரியாததுபோல.

கயிறு சுண்டியது.

அவள் கைகள் அசையவில்லை. அவள் அழவில்லை, கோபப்படவில்லை, உதிரனை நினைக்கவில்லை. பக்கத்துத் தோணியில் விசாகியின் வாய் திறந்து அப்படியே நின்றதைப் பார்த்தாள், விசாகியின் கீழ் வரிசையில் ஒரு பல் இல்லை என்பதைப் பார்த்தாள். கயிறு மறுபடி சுண்டியது. ஒரு கடற்காகம் தாழப் பறந்து போனது. மூன்றாவதாகக் கயிறு சுண்டியபோது அது ஒரு சின்ன அசைவுதான், தொட்டில் ஆடுவதைப்போல; அப்போது அவள் கைகள் இழுக்கத் தொடங்கின, தொடங்கியதும் நிற்கவில்லை, உள்ளங்கைத் தோல் உரியும்படி, கை மாற்றிக் கை மாற்றி, தோணி ஒரு பக்கம் சாயும்படி இழுத்தாள்.

குவிரன் நீலம் பாரித்து மேலே வந்தான். தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைக் கக்கி, மூச்சு ஓட்டம் திரும்பும்வரை நெற்றியைப் பலகையில் வைத்துக் கிடந்தான். கையில் ஒன்றும் இல்லை.

"நான் சுண்டினது தெரிஞ்சுதா?" என்று மெல்லக் கேட்டான்.

"தெரிஞ்சுது."

"மொதல் சுண்டே தெரிஞ்சுதா?"

"மொதல் சுண்டே தெரிஞ்சுது."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு பலகையில் கிடந்த இன்னொரு கல்லை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டான். "வடக்க கொஞ்சம் தள்ளி இருக்கும். நீரோட்டம் இழுத்திருக்கு" என்றான். கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கவில்லை, முடிச்சை இழுத்துப் பார்க்கவும் இல்லை. இறங்கினான்.

அன்று அவன் ஒன்பது முறை இறங்கினான். ஒன்பதாவது முறை வலைப்பையில் பவளம் ஏறிய ஒரு கல்லும், அதோடு கட்டிய கயிற்றுக்குள் சிக்கியிருந்த கால் எலும்புகளும், பாறை இடுக்கில் கிடந்த ஒரு மண்டையும் வந்தன. கொற்றி அவற்றைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். "யார் எலும்புன்னு யார் கண்டது?" என்று விசாகி கேட்டதாகச் சொல்வார்கள், ஆனால் மெதுவாகத்தான் கேட்டாள்.

ஊர்க் குயவனிடம் தாழி வாங்கி, எலும்புகளை அதில் வைத்து, ஊருக்கு மேற்கே செம்மண் மேட்டில் புதைத்தார்கள். மூடுவதற்கு முன் வேலன் கொற்றியை அழைத்து, கையைத் தாழிக்குள் விடு, அவன் எடுத்துக்கொள்வதாக இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்றான். அவள் முழங்காலிட்டுத் தோள் வரை கையை உள்ளே விட்டாள். தாழியின் உட்புறம் விடியற்காலைபோல வெளுத்தது, உதிரன் அந்த வெளிச்சத்தில் கிடந்தான், எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வளை கழன்று விழும் என்று காத்திருந்தார்கள். அது விழவில்லை. கால் வலித்ததும் சிலர் உட்கார்ந்தார்கள். கடைசியில் கொற்றி தானாகவே கையை எடுத்துக்கொண்டு, மூடியை நகர்த்தி வைத்தாள். கையை அறுப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பண்ணனின் வேட்டியில் ஒரு வெளிச்சக் கறை இருப்பதை யாரோ கண்டுபிடித்திருந்தார்கள், ஊரின் கண் முழுவதும் இப்போது அங்கே இருந்தது.

குவிரனை ஊரை விட்டு அனுப்ப வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், அனுப்பவில்லை. மன்னித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. கொற்றி அவனைத் தன் வீட்டுக்குள் விடவில்லை. கரையில் இருவரும் பேசிக்கொள்வதும் இல்லை. ஆனால் அடுத்த குளிப்புக் காலத்தில் தனிப்பாருக்கு ஒரு தோணி போனது, அதில் குவிரன் இறங்கினான், கொற்றி கயிறு பிடித்தாள். ஒருநாள் அவன் அடியில் பெரிய சங்கொன்றைப் பாறையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது கயிறு அவனைத் திடீரென்று மேலே இழுத்தது. அவன் கோபத்தோடு தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தான்.

"நான் சுண்டவே இல்லையே!"

"இல்ல."

"பின்ன எதுக்குத் தூக்கின? கையில வந்த சங்கு போச்சு."

கொற்றி கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். அவள் உள்ளங்கைகள் இரண்டும் சிவந்திருந்தன.

"மூச்சு வாங்கிக்கோ" என்றாள். "வாங்கிட்டு எறங்கு."